ஸ்டேட் பென்ஷன் வயதுக்குப் பிறகும் வேலை: நேஷனல் இன்சூரன்ஸ் எந்த நாளில் நிற்கிறது, யாருக்கு நிற்பதில்லை

கேள்வி இது. பிரிட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 2026 பிப்ரவரியில் 66 வயது நிறைந்தது. வேலையை விடவில்லை. மாதம் 2,000 பவுண்டு சம்பளம், கூடவே அரசு ஓய்வூதியமான ஸ்டேட் பென்ஷனும் வருகிறது. ஆனாலும் பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டில்) நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புக் கட்டணத்தின் பிடித்தம் தொடர்கிறது. அம்மா வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறார். பிறந்த தேதி 12 ஆகஸ்ட் 1960. அவருக்கு எப்போது நிற்கும்? அப்பாவிடம் பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

முதலில் நேரடியான பதில். அப்பாவிடம் இப்போது பிடிப்பது தவறு; கேட்டால் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அம்மாவுக்கு 12 ஜனவரி 2027 அன்று ஸ்டேட் பென்ஷன் வயது வருகிறது. ஆனால் சுயதொழில் செய்பவர் என்பதால் 2026–27 வரியாண்டு (ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை) முழுமைக்கும் அவர் கட்டியே ஆகவேண்டும். 6 ஏப்ரல் 2027 முதல்தான் விலக்கு. ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு விதமான விதி என்பதால்தான் இவ்வளவு குழப்பம். கீழே உள்ள தொகைகள் எல்லாம் 2026–27 வரியாண்டுக்கானவை. நேஷனல் இன்சூரன்ஸை இனி என்ஐ என்றே எழுதுகிறேன்.

வயது என்பது பிறந்தநாள் அல்ல

6 அக்டோபர் 1954 முதல் 5 ஏப்ரல் 1960 வரை பிறந்தவர்களுக்கு 66 நிறைந்த நாளே ஸ்டேட் பென்ஷன் வயது. அப்பா இந்தக் கணக்கில் வருகிறார். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வயது மாதம் மாதமாக ஏறுகிறது. 6 ஏப்ரல் 1960 முதல் 5 மே 1960 வரை பிறந்தவர்களுக்கு 66 வயது 1 மாதம். அடுத்த மாதத்தவர்களுக்கு 66 வயது 2 மாதம். இப்படியே போய் 6 மார்ச் 1961 முதல் 5 ஏப்ரல் 1977 வரை பிறந்தவர்களுக்கு 67. அம்மா 6 ஆகஸ்டுக்கும் 5 செப்டம்பருக்கும் இடையில் பிறந்தவர், எனவே 66 வயது 5 மாதம். அதனால்தான் 12 ஜனவரி 2027.

மாதக் கடைசியில் பிறந்தவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 31 ஜூலை 1960 அன்று பிறந்தவருக்கு 66 வயது 4 மாதம். நவம்பரில் 31ஆம் தேதி இல்லாததால் 30 நவம்பர் 2026 அன்றே வயது வந்ததாகக் கொள்கிறார்கள். அரசின் இணையதளத்தில் பிறந்த தேதியைப் போட்டால் சரியான நாள் வரும். விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்காமல் அதைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. சம்பளம் கணக்கிடும் பேரோல் மென்பொருளிலோ சம்பளம் போடுபவரின் மனதிலோ '66 ஆனால் நிறுத்து' என்று பதிந்திருந்தால், 1960 ஏப்ரல் 5க்குப் பிறகு பிறந்தவருக்குப் பிடித்தம் சில மாதங்கள் முன்கூட்டியே நின்றுவிடும். அப்போது கைக்குக் கூடுதலாக வந்த பணம் யாருடையது என்ற தகராறு பின்னால் வரும். ஊழியரின் பங்கையும் சேர்த்து, பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி முதலில் கேட்பது வேலை கொடுப்பவரிடம்தான்.

இன்னொரு சிக்கல் நம் ஆட்களிடம் அடிக்கடி காண்பது. ஊரில் பள்ளியில் சேர்க்கக் கொடுத்த தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் வேறொன்று. என்ஐ பதிவில் எந்தத் தேதி இருக்கிறது, வேலையிடத்தில் எதைக் கொடுத்திருக்கிறோம் என்பதை வயது வருவதற்கு ஓராண்டு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். பென்ஷன் இலாகா ஒரு தேதியையும் பேரோல் வேறொரு தேதியையும் வைத்திருந்தால், நிறுத்த வேண்டிய பிடித்தமும் நிற்காது. தொடங்க வேண்டிய பென்ஷனும் தாமதமாகும்.

சம்பளம் கைக்கு வரும் நாள்தான் கணக்கு

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு விதி இதுதான்: சம்பள நாள், ஸ்டேட் பென்ஷன் வயது வந்த நாளிலோ அதற்குப் பிறகோ வந்தால் ஊழியர் பங்கு கிடையாது. எந்த நாட்களில் வேலை செய்து சம்பாதித்தார் என்று பார்ப்பதில்லை. ஒருவருக்கு 20ஆம் தேதி வயது வருகிறது, சம்பளம் 28ஆம் தேதி என்றால், அந்த மாதத்தில் 19 நாள் வயதுக்கு முன்னர் உழைத்திருந்தாலும் முழு மாதச் சம்பளத்துக்கும் என்ஐ இல்லை. சம்பள நாள் 15ஆம் தேதி என்றால் அந்த மாதம் வழக்கம்போல் பிடிப்பார்கள். அடுத்த மாதத்திலிருந்துதான் நிற்கும். மாதத்தைப் பாதியாக உடைத்துக் கணக்குப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை.

இதை வைத்துச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டால் தப்பிக்கலாமே என்று தோன்றும். முடியாது. 15ஆம் தேதி வரவேண்டிய சம்பளத்தை 22ஆம் தேதி கொடுத்தாலும், அது வழக்கமாக வயதுக்கு முன் வந்திருக்க வேண்டிய பணம் என்பதால் என்ஐ உண்டு.

பென்ஷனை வாங்குவதற்கும் என்ஐ நிற்பதற்கும் தொடர்பு இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பென்ஷனுக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போட்டவருக்கும் வயது வந்ததும் என்ஐ நிற்கும். மாறாக, 60 வயதிலேயே தனியார் பென்ஷன் எடுக்கத் தொடங்கிவிட்டு வேலையும் செய்பவருக்கு, சம்பளத்தின் மீதான என்ஐ ஸ்டேட் பென்ஷன் வயது வரை தொடரும். பென்ஷன் பணத்தின் மீது என்ஐ எந்த வயதிலும் இல்லை.

என்ஐ கட்டாவிட்டால் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவம் போய்விடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது இந்த நாட்டில் நிரந்தரமாக வசிப்பதைப் பொறுத்தது. கட்டணச் சீட்டைப் பொறுத்தது அல்ல. வேலைக்குப் போனால் ஸ்டேட் பென்ஷனைக் குறைப்பார்களோ என்ற பயமும் பழையது. சம்பாதித்தால் பென்ஷனை வெட்டும் விதி உண்மையிலேயே இருந்தது. அதை 1989 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். குறைவது பென்ஷன் கிரெடிட் போன்ற, வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவிகள்தான். அவற்றை வாங்குபவர்கள் வேலைக்குப் போவதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

பிடித்தம் ஏன் தானாக நிற்கவில்லை

ஒவ்வொரு ஊழியருக்கும் பேரோலில் ஓர் என்ஐ எழுத்து உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது ஏ. ஸ்டேட் பென்ஷன் வயது வந்ததும் சி ஆக மாற வேண்டும். எச்எம்ஆர்சி இதற்கென வேலையிடத்துக்குத் தனியாக எழுதிச் சொல்வதில்லை. சில மென்பொருள்கள் பிறந்த தேதியைப் பார்த்துத் தாமே மாற்றும். சிலவற்றில் சம்பளம் போடுபவர் கையால் மாற்ற வேண்டும். பிறந்த தேதி தவறாகப் பதிந்திருந்தாலோ, பேரோல் வெளியே வேறு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டிருந்து தகவல் போய்ச் சேராவிட்டாலோ ஏ அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, பேஸ்லிப்பில் அந்த எழுத்தைத் தேடுவது. ஏ என்றிருந்தால், பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழின் நகலோடு பேரோல் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. வயதுக்கான சான்று பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குள்ள விதி. சான்றிதழை முதலாளியிடம் காட்ட விருப்பமில்லாதவர்கள், காரணத்தைச் சொல்லி எச்எம்ஆர்சிக்கு எழுதினால், இவர் ஸ்டேட் பென்ஷன் வயதைக் கடந்துவிட்டார் என்று உறுதிப்படுத்தும் கடிதம் தருவார்கள். அதைக் கொடுத்தால் போதும். இரண்டு இடத்தில் வேலை செய்பவர் இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் நின்றது இன்னோரிடத்துக்குத் தெரியாது.

சம்பளம் போடுபவர்கள் பக்கம் நடக்கும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'இவருக்கு என்ஐ இல்லை' என்று நினைத்து எழுத்தை எக்ஸ் ஆக மாற்றிவிடுகிறார்கள். எக்ஸ் என்பது 16 வயது நிறையாதவர் போல, இரு பக்கமும் என்ஐ இல்லாதவர்களுக்கானது. சி போட்டால் ஊழியர் பங்கு மட்டும் நிற்கும், முதலாளி பங்கு தொடரும். எக்ஸ் போட்டால் முதலாளி பங்கும் விடுபட்டு, பின்னால் பாக்கியாகத் திரும்பி வரும்.

பிடித்த பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது

அப்பாவின் சம்பளத்தில் மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் உள்ள தொகைக்கு 8 சதவீதம் பிடிக்கிறார்கள். 2,000 கழித்தல் 1,048, அதாவது 952. அதில் 8 சதவீதம் 76 பவுண்டு 16 பென்ஸ். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் 900 பவுண்டைத் தாண்டிவிடும்.

நடப்பு வரியாண்டில், அதாவது 6 ஏப்ரல் 2026க்குப் பிறகு பிடித்ததை, வேலையிடமே சரிசெய்யலாம். எழுத்தை மாற்றி, ஆண்டு தொடக்கத்திலிருந்தான கூட்டுத்தொகைகளைத் திருத்தி எச்எம்ஆர்சிக்கு அடுத்த சம்பள அறிக்கையோடு அனுப்பினால், கூடுதலாகப் பிடித்தது அடுத்த சம்பளத்தோடு வந்துவிடும். இதுதான் விரைவான வழி. நேரே எச்எம்ஆர்சிக்குப் போன் செய்யப் போகாதீர்கள். முதலில் வேலையிடத்தைக் கேளுங்கள் என்றே சொல்வார்கள்.

முந்தைய வரியாண்டில், அதாவது பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பிடித்ததற்கு இரண்டு வழி. வேலையிடமே அந்த ஆண்டுக்கான திருத்த அறிக்கை அனுப்பலாம். அவர்கள் செய்யவில்லை, அல்லது நிறுவனமே மூடிவிட்டது என்றால், எச்எம்ஆர்சியிடம் என்ஐ திருப்பித் தரும்படி நீங்களே ஆன்லைனிலோ தபாலிலோ கேட்கலாம். ஆண்டுச் சம்பளமும் பிடித்தமும் காட்டும் பி60 தாளை எடுத்து வையுங்கள். மே 31க்குள் வேலையிடம் அதைக் கொடுத்திருக்க வேண்டும். அதில் என்ஐ எழுத்து வாரியாகத் தொகைகள் இருக்கும். வயது வந்த ஆண்டின் பி60இல் ஏ என ஒரு வரி, சி என ஒரு வரி, இரண்டும் இருப்பதுதான் முறை. ஏ மட்டும் இருந்தால், தவறு நடந்ததற்கு அந்தத் தாளே சாட்சி. அதோடு வயது வந்த மாதம் முதலான பேஸ்லிப்புகளையும் இணைத்தால் கேள்வி மேல் கேள்வி வராது. அந்த வரியாண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வரை கேட்கலாம். ஆகவே 67, 68 வயதில்தான் கவனித்தோம் என்றாலும் விட்டுவிட வேண்டாம்.

என்ஐ நின்றும் கைக்கு வருவது குறைகிறதே?

இந்த விஷயத்தில் மக்களை உண்மையாக அலைக்கழிப்பது இதுதான் என்பது என் எண்ணம். என்ஐ நின்றால் சம்பளம் 76 பவுண்டு கூட வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். வந்த பேஸ்லிப்பில் நூறு பவுண்டுக்கு மேல் குறைந்திருக்கும். உடனே 'இன்னும் இன்சூரன்ஸ் பிடிக்கிறார்கள்' என்று சண்டைக்குப் போவார்கள். குறைந்ததற்குக் காரணம் வருமான வரி.

ஸ்டேட் பென்ஷன் வரிக்கு உட்பட்ட வருமானம். ஆனால் அதை அனுப்பும்போது வரி பிடிப்பதில்லை. முழுத் தொகையும் வங்கிக்கு வந்துவிடும். அதற்கான வரியை எச்எம்ஆர்சி சம்பளத்திலிருந்து எடுக்கிறது, டாக்ஸ் கோட் வழியாக, அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரை வரியில்லை என்று வேலையிடத்துக்குச் சொல்லும் குறியீடு வழியாக. முழுமையான புதிய ஸ்டேட் பென்ஷன் வாரம் 241.30 பவுண்டு, ஆண்டுக்கு 12,547.60. வரியில்லா வரம்போ 12,570. பென்ஷனே அந்த வரம்பைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடுகிறது. சம்பளத்துக்கு மிஞ்சுவது சில பவுண்டுகள். அதனால் 1257எல் என்றிருந்த டாக்ஸ் கோட் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஒற்றை இலக்கத்தைப் பார்த்துத் தவறு என்று பதற வேண்டாம். முழு பென்ஷன் வாங்குபவருக்கு அது சரிதான்.

அப்பாவின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம், வேலையிட பென்ஷன் பிடித்தத்தை விட்டுவிட்டு. வயது வருவதற்கு முன் 2,000 பவுண்டில் வரி சுமார் 190, என்ஐ 76, கைக்கு 1,733. இப்போது என்ஐ சரியாக நின்றால் வரி சுமார் 400, கைக்கு 1,600. என்ஐயும் தவறாகத் தொடர்ந்தால் 1,524. ஆனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 965.20 பவுண்டு பென்ஷன் தனியாக வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் குடும்பத்தின் உண்மையான வரவு தெரியும். மேலே உள்ளது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கான வரி. ஸ்காட்லாந்தில் வரி விகிதங்கள் வேறு. என்ஐ எல்லா இடத்திலும் ஒன்றே.

2016இல் புதிய ஸ்டேட் பென்ஷன் முறை வருவதற்கு முந்தைய உரிமைகளால் சிலருடைய பென்ஷன் 12,570ஐத் தாண்டும். அவர்களுக்கு டாக்ஸ் கோட் கே என்ற எழுத்தில் தொடங்கும். வரம்புக்கு மேல் போன தொகையைச் சம்பளத்தோடு கூட்டி வரி பிடிப்பார்கள் என்று பொருள். ஒரு சம்பளத்தில் பாதிக்கு மேல் வரியாகப் பிடிக்கக் கூடாது என்பது அங்கே பாதுகாப்பு.

உண்மையிலேயே தவறான டாக்ஸ் கோடும் வருவதுண்டு. பென்ஷனைத் தள்ளிப்போட்டிருக்கும்போதே வாங்குவதாக நினைத்து டாக்ஸ் கோடைக் குறைத்துவிடுவார்கள். அல்லது பென்ஷன் தொகையைக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். எச்எம்ஆர்சி அனுப்பும் கோட் கடிதத்தில் 'ஸ்டேட் பென்ஷன்' என்ற வரிக்கு நேரே உள்ள தொகையை, பென்ஷன் இலாகா அனுப்பிய கடிதத்திலுள்ள வாரத் தொகையின் 52 மடங்கோடு ஒப்பிடுங்கள். ஓரிரு வாரப் பணம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பென்ஷனைப் பின்தேதியிட்டு மொத்தமாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டின் வருமானமாகத்தான் அது வரிக்கு வரும், கைக்கு வந்த ஆண்டில் அல்ல.

அம்மாவின் கணக்கு: சுயதொழில்

சுயதொழிலில் நான்காம் வகுப்பு என்ஐ. ஆண்டு லாபம் 12,570க்கு மேல் 50,270 வரை 6 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம். இங்கே சம்பள நாள் என்று ஒன்று இல்லாததால் ஆண்டு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். வரியாண்டின் தொடக்கத்தில், அதாவது ஏப்ரல் 6ஆம் தேதி, ஸ்டேட் பென்ஷன் வயது வந்துவிட்டதா? வந்திருந்தால் அந்த ஆண்டு கிடையாது. வரவில்லை என்றால் ஆண்டு முழுதுக்கும் உண்டு. அம்மாவுக்கு ஜனவரியில் வயது வந்தாலும் 2026–27க்கு ஒரு பைசா குறையாது. லாபம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 325.80 கட்ட வேண்டும், அதுவும் 31 ஜனவரி 2028க்குள். பென்ஷன் வாங்கத் தொடங்கி ஒரு வருடம் கழித்து என்ஐ பில் வருவதைப் பார்த்துத் தவறு என்று நினைக்கக் கூடாது. அது பழைய ஆண்டின் பில்.

இரண்டாம் வகுப்பு என்ற வாரக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் யாருக்கும் கட்டாயம் இல்லை.

2027–28க்கான செல்ஃப் அசெஸ்மென்ட் படிவத்தில் (தாமே நிரப்பும் வரிக்கணக்குப் படிவத்தில்) நான்காம் வகுப்பிலிருந்து விலக்கு என்று குறிக்கும் கட்டம் இருக்கும். தாளில் நிரப்புபவர்கள் அதை விட்டுவிட்டால் கணக்கில் என்ஐ சேர்ந்துவிடும். ஆன்லைனில் நிரப்பினாலும் கடைசிக் கணக்குப் பக்கத்தில் நான்காம் வகுப்பு என்ற வரி பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். தவறாகக் கட்டிவிட்டால், படிவத்தின் கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் திருத்தலாம்.

அம்மா போன்றவர்கள் பணம் ஒதுக்கி வைப்பது எப்படி என்பதில்தான் பெரிய சறுக்கல் நடக்கிறது. அப்பாவுக்குச் சம்பளம் இருப்பதால் பென்ஷன் மீதான வரி மாதாமாதம் போய்விடுகிறது. அம்மாவுக்கு அப்படி எடுக்க இடமில்லை. படிவத்தில் பென்ஷனையும் எழுதி மொத்தமாகக் கட்ட வேண்டும். 12 ஜனவரியிலிருந்து 5 ஏப்ரல் 2027 வரை சுமார் 12 வாரப் பென்ஷன், முழுத் தொகை வாங்கினால் 2,900 பவுண்டு. அதற்கு வரி 580. அடுத்த ஆண்டு முழுப் பென்ஷனுக்கு வரி 2,500 பவுண்டைத் தாண்டும். நின்றுபோகும் என்ஐயோ 326தான். பென்ஷன் வரும்போதெல்லாம் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டு வைப்பதே நான் சொல்லும் ஒரே வழி.

ஜனவரியிலும் ஜூலையிலும் கட்டும் முன்பணம், முந்தைய ஆண்டின் வரியையும் நான்காம் வகுப்பையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. என்ஐ நின்றுவிட்டதே என்று அந்த முன்பணத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் பென்ஷனைத் தள்ளிப்போட்டு, லாபமும் ஏறாமல் இருப்பவர்கள்தான் அப்படிச் செய்ய வேண்டும். பென்ஷன் வாங்குபவருக்கு மொத்த பில் ஏறத்தான் போகிறது. குறைத்துக் கட்டினால் பின்னால் வட்டியோடு கேட்பார்கள்.

இனி கட்டினாலும் பென்ஷன் ஏறாது

ஸ்டேட் பென்ஷனுக்குக் கணக்கில் வரும் கடைசி ஆண்டு, வயது வந்த வரியாண்டுக்கு முந்தையது. அப்பாவுக்கு 2024–25, அம்மாவுக்கு 2025–26. வயது வரும் ஆண்டில் கட்டாயமாகக் கட்டியதும்கூட இதற்கு உதவாது. 'இன்னும் இரண்டு வருடம் வேலை செய்து முழுப் பென்ஷனுக்கான 35 வருடத்தை நிரப்பிவிடலாம்' என்று 66க்குப் பிறகு திட்டமிடுவது வீண்.

குறை இருந்தால் நிரப்ப வழி வேறு. வயது வந்த பிறகும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் இடைவெளிகளுக்குத் தானாக முன்வந்து கட்டலாம். பொதுவாக ஆறு ஆண்டுகள் பின்னோக்கி. மூன்றாம் வகுப்பு எனப்படும் இந்தக் கட்டணம் வாரம் 18.40 பவுண்டு, முழு ஆண்டுக்குச் சுமார் 957. ஓர் ஆண்டு கூடினால் பென்ஷன் 35இல் ஒரு பங்கு, வாரம் 6.89 ஏறும், ஆண்டுக்கு 358. மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடுகிறது, ஆகவே பெரும்பாலும் நல்ல பேரம்தான். லாபம் குறைவாக இருந்த சுயதொழில் ஆண்டுகளுக்கு மூன்றாம் வகுப்புக்குப் பதிலாக மலிவான இரண்டாம் வகுப்பே கட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். 35 ஆண்டு இருந்தும் முழுத் தொகை வராதவர்கள், இல்லாமலேயே முழுத் தொகை வருபவர்கள் இருவரும் உண்டு. ஆன்லைன் பென்ஷன் கணிப்பைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். மொத்தம் 10 ஆண்டுகூட இல்லாதவருக்கு இங்கிருந்து பென்ஷனே இல்லை என்பதால், 8, 9 ஆண்டில் நிற்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

கடை வைத்திருப்பவர்கள், வேலை கொடுப்பவர்கள்

வயதான மாமாவையோ சித்தியையோ கடையில் வேலைக்கு வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்கு ஸ்டேட் பென்ஷன் வயது வந்தாலும் முதலாளியின் பங்கு நிற்பதில்லை: ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் 15 சதவீதம். அப்பாவுக்காக அவருடைய வேலையிடம் மாதம் 237 பவுண்டு கட்டிக்கொண்டே இருக்கும். முதலாளி பங்கில் ஆண்டுக்கு 10,500 வரையான சலுகை பல சிறு கடைகளுக்கு இதை ஈடுகட்டிவிடும். ஆனால் தனியொரு டைரக்டர் மட்டுமே சம்பளம் வாங்கும் கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை. 67 வயதில் தன் கம்பெனியிலிருந்து 12,570 சம்பளம் எடுக்கும் டைரக்டருக்கு ஊழியர் பங்கு பூஜ்யம்; கம்பெனி மட்டும் 1,135.50 கட்டும். வயது வந்துவிட்டதால் சம்பளத்தைக் கூட்டி டிவிடெண்டைக் குறைக்கலாமா என்று கணக்கு பார்ப்பவர்கள் இந்த 15 சதவீதத்தை மறந்துவிடுகிறார்கள்.

வேலையிட பென்ஷனில் ஸ்டேட் பென்ஷன் வயதுக்குப் பிறகு ஒருவரைத் தானாகச் சேர்ப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர் தொடரலாம். சேராதவரும் ஆண்டு 6,240க்கு மேல் சம்பாதித்தால் 74 வயது வரை சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் முதலாளியும் தன் பங்கைப் போட்டாக வேண்டும். அப்பா புது வேலைக்கு மாறினால் இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. நோயால் விடுப்பு எடுத்தால் கிடைக்கும் சட்டப்படியான சம்பளத்துக்கும் வயது வரம்பு இல்லை.

பென்ஷனைத் தள்ளிப்போடலாமா?

அம்மாவுக்கு இன்னும் இந்தத் தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்காமல் இருந்தாலே தள்ளிப்போட்டதாக அர்த்தம். 9 வாரத்துக்கு 1 சதவீதம், ஓர் ஆண்டுக்கு 5.8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். முழுப் பென்ஷனில் அது வாரம் சுமார் 13.90 பவுண்டு. அதற்காக விடுவது 12,547. விட்ட பணத்தைத் திரும்பப் பிடிக்க 17 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதாவது 84 வயதைத் தாண்டி. மொத்தத் தொகையாக வாங்கும் வழி 2016 ஏப்ரல் 6க்கு முன் வயது வந்தவர்களோடு முடிந்துவிட்டது. சம்பளமும் பென்ஷனும் சேர்ந்து 50,270ஐத் தாண்டி 40 சதவீத வரிக்குள் போகிறவருக்கு, வேலையை விடும் வரை தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. 18,000 லாபத்தில் தையல் தொழில் செய்பவருக்கு எனக்கு அந்த நியாயம் தெரியவில்லை. வயது வந்ததுமே வாங்கிக்கொள்ளலாம். முடிவெடுக்காமல் நாளைக் கடத்தியிருந்தால், 12 மாதம் வரை பின்தேதியிட்டுக் கேட்கலாம்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ போய்க் குடியிருந்தால் ஸ்டேட் பென்ஷன் தொடர்ந்து வரும். ஆனால் ஒவ்வோர் ஏப்ரலிலும் இங்கே கிடைக்கும் உயர்வு அங்கே கிடைக்காது. புறப்பட்டபோது இருந்த தொகையிலேயே நின்றுவிடும். 67இல் போகிறவருக்கும் 72இல் போகிறவருக்கும் நடுவே ஐந்து ஏப்ரல் உயர்வுகள் வித்தியாசம் இருக்கும். இன்னும் சில வருடம் வேலை செய்வதா என்று யோசிப்பவர்கள், மாதம் மிச்சமாகும் 76 பவுண்டைவிட இதற்கே அதிக எடை கொடுக்க வேண்டும்.